கையில காசு இல்லை, ஆனா 6 ஏக்கர்ல ஒரு கனவு! பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவாவின் சிக்கன வாழ்க்கை

மாசம் 20-ம் தேதியைத் தாண்டினாலே பேங்க் பேலன்ஸைப் பார்க்கப் பயப்படுற தலைமுறை நாம. ரூம் வாடகை, மெஸ் காசு, ரீசார்ஜ், போன் இஎம்ஐ, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம்னு லிஸ்ட் போட்டு முடிக்கிறதுக்குள்ள சம்பளம் காணாமப் போயிடும். ஓசூர்லயும் பெங்களூர்லயும் நாலு பேரா ஒரே ரூம்ல தங்கி வேலை பார்க்கிற தருமபுரி மாவட்டத்துப் பசங்களுக்குச் சிக்கனத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவங்களே பாடம் எடுப்பாங்க.

அதே தருமபுரி மாவட்டத்துல, பாப்பாரப்பட்டிங்கிற ஊர்ல, ஒருத்தர் வாழ்க்கையோட கடைசிக் காலத்தைக் கழிச்சார். நிரந்தரச் சம்பளம் கிடையாது. சொத்து கிடையாது. உடம்புல தீராத நோய். ரயில்ல ஏறக்கூட அனுமதி இல்லை. அப்படியிருந்தும் பத்திரிகை நடத்தினார், புத்தகம் எழுதினார், ஆசிரமம் அமைச்சார், ஒரு கோயிலுக்கு அடிக்கல்லும் நாட்ட வெச்சார். அவர்தான் சுப்பிரமணிய சிவா.

பள்ளிக்கூடப் புத்தகத்துல வ.உ.சி, பாரதியார் பேரோட சேர்த்து இவர் பேரையும் படிச்சிருப்போம். ஒரு மார்க் கேள்வியோட அது முடிஞ்சுபோயிருக்கும். சுதந்திரப் போராட்டத்தை ஒரு பக்கம் வெச்சுட்டு, காசு விஷயத்துல இந்த மனுஷன் எப்படி வாழ்ந்தார்னு மட்டும் பார்த்தாலே நமக்கு நிறைய கிடைக்குது. பாராட்ட வேண்டியதும் இருக்கு, யோசிக்க வேண்டியதும் இருக்கு.

இலவசச் சாப்பாட்டுல படிச்ச பையன்

1884-ம் ஆண்டு அக்டோபர் 4-ம் தேதி, இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கிற வத்தலகுண்டுல பிறந்தார் சிவா. அப்பா ராஜம் அய்யர், அம்மா நாகம்மாள். வீட்டில் வைத்த பெயர் சுப்பராமன். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பின்னாளில், 1904-ல், பாரதியார் சில மாதங்கள் தமிழாசிரியராக வேலை பார்த்த அதே பள்ளிக்கூடம்.

வீட்டில் வறுமை. படிப்பை மதுரையில் தொடர முடியவில்லை. குடும்பம் திருவனந்தபுரத்துக்குப் போனது. அங்கே இலவசமாகச் சாப்பாடு போடும் சத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டுதான் படித்தார். பிறகு கோயம்புத்தூரில் ஒரு வருஷம் படிப்பு. இடையில் 1899-ல் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வயது 15. பெண் மீனாட்சி.

அந்தச் சத்திரத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும். திருவிதாங்கூர் சமஸ்தானத்துல அரசாங்கச் செலவில் நடந்த இந்த இலவசச் சாப்பாட்டுக் கூடங்களுக்கு ஊட்டுப்புரைன்னு பேர். அது எல்லாருக்குமானது கிடையாது, பிராமணர்களுக்கு மட்டும்தான். பசி எல்லா வீட்டிலும் இருந்தது. இலை விழுந்தது ஒரு சாதிக்கு மட்டும். ஏழை வீட்டுப் பையனான சிவாவுக்கு அந்தச் சோறு கிடைக்கக் காரணம் அவர் பிறந்த சாதி. அதே அளவு ஏழையான வேறொரு பையனுக்கு அது கிடைத்திருக்காது.

பசிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்திலேயே சாப்பாடுங்கிற நிலைமைக்குத் தமிழ்நாடு வர இன்னும் பல வருஷம் ஆச்சு. 1956-ல காமராஜர் மதிய உணவு, 1982-ல எம்.ஜி.ஆர் சத்துணவு, 2022-ல காலை உணவுன்னு படிப்படியாத்தான் வந்துச்சு. தட்டில் விழுகிற ஒரு வேளைச் சாப்பாடு ஒரு குடும்பத்தோட பட்ஜெட்டை எவ்வளவு தாங்கிப் பிடிக்கும்னு ரேஷன் அரிசியில வளர்ந்த நம்ம வீடுகளுக்கு நல்லாவே தெரியும்.

வேலை நிக்கலை, கால் நிக்கலை

படிப்பு முடிஞ்சதும் அந்தக் காலத்துப் பையன்கள் மாதிரியே இவரும் சர்க்கார் வேலைக்குத்தான் முயற்சி பண்ணினார். சிவகாசி போலீஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. ஆனால் நிலைக்கவில்லை. மறுபடி திருவனந்தபுரம். அங்கே ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த தாகூர் கான் சந்திர வர்மாவின் பேச்சுகளைக் கேட்டதுதான் திருப்புமுனை. நாட்டு விடுதலைதான் இனி தன் வேலை என்று முடிவு செய்தார். தர்ம பரிபாலன சமாஜம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி இளைஞர்களைக் கூட்டிப் பேச ஆரம்பித்தார். சமஸ்தானம் விடுமா? 1907-ல் திருவிதாங்கூரை விட்டே வெளியேற்றியது.

வேலை இல்லை, வருமானம் இல்லை, இருந்த ஊரும் இல்லை. சிவா நடக்க ஆரம்பித்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசுவது, கிடைத்த இடத்தில் தங்குவது, கொடுத்ததைச் சாப்பிடுவது, அடுத்த ஊருக்குக் கிளம்புவது. இதுதான் அவருடைய தினசரி. இப்படி நடந்தே 1908-ன் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். அங்கே வ.உ.சிதம்பரம் பிள்ளை அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

அப்போது வ.உ.சி ஒரு பெரிய பண யுத்தத்தின் நடுவில் இருந்தார். 1906-ல் அவர் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டார்கள். போட்டிக்கு இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி டிக்கெட் விலையை அடிமட்டத்துக்குக் குறைத்தது. கடைசியில் பயணம் இலவசம், கூடவே ஒரு குடையும் இலவசம் என்கிற அளவுக்குப் போனது. இன்னிக்கு ஆப் கம்பெனிகள் ஆஃபர் மேல ஆஃபர் கொடுத்துப் போட்டிக் கடையைக் காலி பண்றதைப் பார்க்கிறோமே, அதே டெக்னிக்தான்.

சுதேசி இயக்கம் அன்றைய குடும்பங்களிடம் கேட்டதும் ஒரு பட்ஜெட் கேள்விதான். நீங்க கொடுக்கிற காசு கடைசியில யார் பாக்கெட்டுக்குப் போகுது? சிவா மேடைகளில் பேசியதன் சாரம் இதுதான். அதை அவர் சொன்ன விதம் கடற்கரைக் கூட்டங்களைக் கட்டிப்போட்டது.

பட்டினியில் ஜெயிச்ச 9 நாள்

1908 பிப்ரவரி 27. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், வார விடுமுறை இல்லை என்பதுதான் பிரச்சினை. வ.உ.சியும் சிவாவும் பத்மநாப அய்யங்காரும் முன்னால் நின்றார்கள்.

வேலைநிறுத்தம்னா பேச்சு மட்டும் இல்லை. தினக்கூலி வாங்குற வீட்டில் ரெண்டு நாள் கூலி நின்னாலே அடுப்பு நின்னுடும். ஸ்ட்ரைக்கை உடைக்க முதலாளி எதுவும் செய்ய வேண்டாம், காத்திருந்தாலே போதும். அதனால் தூத்துக்குடியில் நிதி திரட்டினார்கள். வக்கீல்களும் வியாபாரிகளும் கொடுத்தார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு நடந்தது. சிலருக்கு மாற்று வேலை தேடிக் கொடுத்தார்கள். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறையும் கிடைத்தது.

சிவாவின் வாழ்க்கையில் பணம் வேலை செய்த விதத்தை இந்த 9 நாள்ல தெளிவாப் பார்க்கலாம். அவர் கையில் பணம் இருந்ததே இல்லை. பொதுக் காரியம் என்று வந்தால் பத்துப் பேர் பணத்தை ஒன்றாகச் சேர்க்க அவரால் முடிந்தது.

சோறு போட்டதும் குற்றம்

ஆனந்தம் நீடிக்கவில்லை. மார்ச் 12-ம் தேதி மூவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியே கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். ஜூலை 7-ம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பு சொன்னார். சிவாவுக்கு 10 வருஷம் நாடு கடத்தல். வ.உ.சிக்கு ரெண்டு ஆயுள் தண்டனை. அரசுக்கு எதிராகப் பேசியதற்காக 20 வருஷம். சிவாவுக்கு இடம் கொடுத்து, ஆதரித்து, உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு 20 வருஷம்.

கையில் காசில்லாமல் வந்த ஒரு மனுஷனை வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டதன் விலை 20 வருஷம். மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்தன. சிவாவுக்கு 6 வருஷம் என்றானது. திருச்சி, சேலம் சிறைகளில் கடும் உழைப்பு. 1912 நவம்பர் 2-ம் தேதி சேலம் சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் வயது 28. உடம்பில் தொழுநோய் இருந்தது.

இன்றைக்குத் தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சிகிச்சை இருக்கு. 6 மாசத்திலிருந்து 12 மாசம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். சீக்கிரம் கண்டுபிடிச்சா உடல் ஊனம் இல்லாம குணமாகலாம். 1912-ல இந்த மருந்துகள் எதுவும் கிடையாது. நோய் வந்தவரை ஊர் ஒதுக்கியது. வேலை கொடுக்க மாட்டார்கள், வீடு கொடுக்க யோசிப்பார்கள். ராஜதுரோகி என்ற முத்திரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

பாக்கெட்ல ஓட்டை, பத்திரிகைக்குப் பரிசு

இந்த நிலைமையில் யாராக இருந்தாலும் முதலில் ஒரு பாதுகாப்பான பிழைப்பைத் தேடுவார்கள். சிவா சென்னைக்குப் போய், 1913-ல் ஞானபானு என்ற மாத இதழைத் தொடங்கினார்!

பத்திரிகை நடத்துறது எவ்வளவு காசைத் தின்னும்னு அந்தத் தொழில்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும். காகிதம், அச்சுக்கூலி, தபால் செலவு எல்லாம் முன்னாடியே கொடுக்கணும். சந்தா பின்னாடி வரும், இல்லேன்னா வராமலே போகும். ஆனாலும் ஞானபானுவில் எழுதியவர்கள் பட்டியல் பிரமாதம். புதுச்சேரியில் அடைக்கலமாக இருந்த பாரதியார் எழுதினார். அவருடைய சின்னச் சங்கரன் கதை இதில்தான் வந்தது. வ.உ.சியும் எழுதினார். வடமொழி கலக்காமல் தனித்தமிழில் எழுதுபவருக்கு 5 ரூபாய் பரிசு என்றும் ஞானபானுவில் சிவா அறிவித்தார். சொந்தச் செலவுக்கே வழியில்லாத ஒருத்தர் கொடுத்த 5 ரூபாய் அது.

சாப்பாடு, துணி, பயணம், வசதி என எதில் வேண்டுமானாலும் அவர் குறைத்துக்கொண்டார். எழுத்துக்கும் பேச்சுக்கும் ஆகிற செலவை மட்டும் நிறுத்தவில்லை. ஞானபானு நின்ற பிறகு 1916-ல் பிரபஞ்சமித்திரன் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சிவாஜி, தேசிங்குராஜன் போன்ற நாடகங்களையும் எழுதினார்.

நம்மில் பலருக்கு இது தலைகீழா நடக்குது. கஷ்டம் வந்தா முதல்ல வெட்டுறது படிப்புச் செலவையும், புது வேலை கத்துக்கிற கோர்ஸையும்தான். தினமும் போற சின்னச் சின்ன ஆர்டர்கள் பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். வருங்காலத்துக்கான செலவை வெட்டிட்டு இன்னிக்கான செலவைக் காப்பாத்துறோம். சிவா போட்ட கணக்கு நேர் எதிர்.

அதே சமயத்தில் வ.உ.சி வீட்டில்

இதே வருஷங்களில் வ.உ.சியும் சென்னையில்தான் இருந்தார். 1912 டிசம்பரில் விடுதலை. வக்கீல் சனது பறிக்கப்பட்டிருந்ததால் கோர்ட்டுக்குப் போக முடியாது. மனைவி, பிள்ளைகள் இருக்கிற குடும்பம். ஒரு காலத்தில் 10 லட்ச ரூபாய்க் கம்பெனி நடத்தியவர் சென்னையில் மளிகை வியாபாரம் வரை செய்து பார்த்தார்.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்காகச் சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. அந்தத் தொகைக்காக 1915, 1916-ல் வ.உ.சி காந்திக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார். கடைசியில் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்பதில் அவர் கூச்சப்படவில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டிய அப்பா கூச்சப்பட்டால் முடியாது.

வ.உ.சி குடும்பத்தை வைத்துக் கணக்குப் போட்டார். சிவா லட்சியத்தை வைத்துக் கணக்குப் போட்டார். ரெண்டு பேரும் தியாகிகள்தான். ஆனால் சிவாவின் கணக்கில் இன்னொரு ஆளும் இருந்தார்.

மீனாட்சியின் கணக்கை யார் எழுதுவது?

சிவாவின் வாழ்க்கை வரலாற்றில் அவர் மனைவி மீனாட்சி பெரும்பாலும் ரெண்டு வரியில் வந்து போகிறார். 1899-ல் கல்யாணம், 1915-ல் மரணம். நாம கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கல்யாண வாழ்க்கை 16 வருஷம். முதல் சில வருஷம் கணவருக்கு வேலை நிலைக்கவில்லை. 1906-லிருந்து சமாஜம், மேடை, நாடு நீக்கம், ஊர் ஊராக நடை. 1908 மார்ச்சிலிருந்து 1912 நவம்பர் வரை, நாலரை வருஷத்துக்கும் மேல், சிறை. வெளியே வந்தவர் உடம்பில் தொழுநோய், கையில் நஷ்டத்தில் ஓடும் பத்திரிகை. அதற்கப்புறம் மூணு வருஷம்கூட மீனாட்சி உயிரோடு இல்லை.

சிவாவின் சிக்கனம் அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தது. மீனாட்சிக்கு அது கிடைத்தது. இந்த ரெண்டுக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிசு. நாட்டுக்காக ஒருத்தர் ஒரு வேளை சாப்பாட்டோடு இருக்கலாம். அந்த முடிவில் பங்கில்லாத இன்னொருத்தரும் அதே ஒரு வேளையோடு இருக்க வேண்டி வரும்போது அதுக்கு நாம என்ன பேர் வைப்போம்?

இன்னிக்கும் நிறைய வீடுகளில் இதுதான் நடக்குது. ஸ்டார்ட்-அப் கனவுன்னு ஒருத்தர் வேலையை விடுவார். வீட்டில் இருக்கிற மனைவியோ அம்மாவோ தங்கச்சியோ தன் தேவையைச் சுருக்கிக்குவாங்க. அவங்க நகை அடகுக்குப் போகும். நாளைக்கு ஜெயிச்சா பேட்டியில் அவங்களுக்கு ஒரு நன்றி. தோத்தா அதுவும் இல்லை. பெரிய முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, அதுக்கான விலையைக் கொடுக்கப்போறவங்களையும் உட்கார வெச்சுக் கணக்கைக் காட்டிப் பேசுறதுதான் நியாயம்.

சிவாவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதலை. நோயோடும் வறுமையோடும் அவர் கொடுத்தது எல்லாம் நாட்டுக்குத்தான், தனக்கென்று எதையும் எடுத்து வைக்கவில்லை. ஆனா அவரைக் கும்பிடுற கையோட மீனாட்சியையும் நினைச்சுக்கணும்.

பாப்பாரப்பட்டிக்கு வந்த கதை

முதல் உலகப் போர் வந்தது. விலைவாசி எகிறியது. 1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகளை மக்கள் சூறையாடும் அளவுக்கு நிலைமை மோசமானது. போர் முடிந்த பின்னும் சிவாவின் பேச்சு நிற்கவில்லை. 1921-ல் காவி உடுத்தி சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். அதே வருஷம் மறுபடி கைது, மறுபடி சிறை.

நோய் முற்றிக்கொண்டே போனது. தொழுநோயாளிகள் ரயிலில் பயணம் செய்யக் கூடாது என்ற தடை அவரையும் பிடித்தது. மலிவான ஒரே வாகனம் ரயில்தான், அதுவும் போச்சு. மாட்டுவண்டி கிடைத்தால் மாட்டுவண்டி, இல்லையென்றால் நடை. புண் பட்ட கால்களோடு நூற்றுக்கணக்கான மைல் போய்க்கொண்டே இருந்தார்.

தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டம் ஆனது 1965-ல்தான். தருமபுரி நகரத்துக்கு வடமேற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது பாப்பாரப்பட்டி. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் வறட்சி, களியும் சாமைச் சோறும் சாப்பிட்டு வாழ்ந்த ஊர்கள். சிக்கனம் இந்த மண்ணுக்குப் புதுசு கிடையாது. வானம் பார்த்த பூமியில் இந்த வருஷத்து ராகியை அடுத்த வருஷத்துக்கும் எடுத்து வைக்காத வீடு தப்பிக்க முடியாது.

இங்கே சின்னமுத்து முதலியார் போன்ற நண்பர்கள் சிவாவுக்குத் துணை நின்றார்கள். அவர்கள் உதவியோடு 6 ஏக்கர் நிலம் வாங்கினார். அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். பாரத ஆசிரமம் உருவானது. ஊர் ஒதுக்கும் நோய் வந்த ஒருத்தரை இந்த ஊர் மனுஷனாகப் பார்த்து இடம் கொடுத்தது. பாப்பாரப்பட்டி பெருமைப்பட வேண்டிய விஷயம் அது.

அந்த நிலத்தில் அவர் கட்ட நினைத்தது பாரத மாதாவுக்கு ஒரு கோயில். சாதி, மதம் பார்க்காமல் எல்லாரும் வரக்கூடிய கோயில். ஒரு சாதிக்கு மட்டும் சோறு போட்ட கூடத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர் கடைசியில் யோசித்தது இப்படி ஓர் இடத்தை. 1923-ல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ். கல்கத்தாவின் முன்னணி வக்கீல். கொட்டிக்கொண்டிருந்த வருமானத்தை ஒத்துழையாமை இயக்கத்துக்காக உதறியவர். தன் வீட்டையே பொதுக் காரியத்துக்கு எழுதி வைத்தவர், அது பிறகு மருத்துவமனையானது. எல்லாம் இருந்து விட்டவரும் எதுவுமே இல்லாமல் கொடுத்தவரும் பாப்பாரப்பட்டியில் ஒரே குழிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

கோயிலுக்குப் பணம் சேர்க்க சிவா மறுபடி ஊர் ஊராகப் போனார். கோயில் எழுவதற்குள் காலம் முடிந்துவிட்டது. 1925 ஜூன் 16-ம் தேதி சித்தரஞ்சன் தாஸ் மறைந்தார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23-ம் தேதி, பாப்பாரப்பட்டி ஆசிரமத்தில் சிவா கண் மூடினார். வயது 40. மதுரைப் பக்கம் போயிருந்தவர், முடியாத உடம்போடு கிளம்பி, முந்தின நாள்தான் ஊருக்குத் திரும்பியிருந்தார்.

64 வருஷம் கழிச்சு அதே மாவட்டத்தில்

இந்தக் கதைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கினது எந்த மாவட்டத்தில் தெரியுமா? இதே தருமபுரியில்தான். 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட.

12-லிருந்து 20 பேர் சேர்வாங்க. மாசாமாசம் ஒரு சின்னத் தொகை போடுவாங்க. குழுவுக்குள்ளயே கடன் கொடுத்துக்குவாங்க. கணக்கு நோட்டு அவங்க கையில். கடுகு டப்பாவில் ஒளிச்சு வெச்ச காசு வங்கிக் கணக்குக்கு வந்தது இப்படித்தான். எந்தச் செலவு முக்கியம், எதை வெட்டலாம்னு முடிவு பண்ற இடத்தில் பெண்கள் உட்கார்ந்தாங்க. மீனாட்சிக்குக் கிடைக்காம போன இடம் அது. பிறகு இந்தத் திட்டம் தமிழ்நாடு முழுக்கப் பரவினது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

சரி, இந்த மாசத்துக்கு நமக்கு என்ன?

சிவா மாதிரி எல்லாத்தையும் விட்டுட்டு நடங்கன்னு யாரும் சொல்லப்போறதில்லை. வறுமையில் அழகு ஒண்ணும் கிடையாது. அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்க வேண்டியது நாலு விஷயம்.

ஒண்ணு, வெட்டவே கூடாத செலவு எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. சிவாவுக்கு அது பத்திரிகை. உங்களுக்கு அது தம்பி படிப்பா இருக்கலாம், ஒரு தேர்வுக்கான கோச்சிங்கா இருக்கலாம். சம்பளம் வந்த அன்னிக்கே அந்தக் காசைத் தனியா எடுத்து வெச்சுடுங்க. மத்த எல்லாத்தையும் மிச்சத்துக்குள்ள அடக்குங்க.

ரெண்டு, தனியாச் சமாளிக்காதீங்க. கோரல் மில் தொழிலாளர்கள் 9 நாள் தாக்குப்பிடிச்சது ஊரே தோள் கொடுத்ததால. ரூம்மேட்ஸ் சேர்ந்து சமைக்கிறது, மொத்தமா மளிகை வாங்குறது, நம்பகமான சேமிப்புக் குழுவில் சேர்றது எல்லாமே அதே ஐடியாதான். உங்களுக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்கவும் வெட்கப்படாதீங்க. வ.உ.சியே கேட்டார்.

மூணு, உடம்பைச் சிக்கனக் கணக்கில் சேர்க்காதீங்க. சிவாவை முடக்கியது வறுமையைவிட நோய்தான். அவர் காலத்தில் மருந்து இல்லை, இப்ப இருக்கு. தோலில் உணர்ச்சியில்லாத வெளுத்த தேமல் தெரிஞ்சாக்கூட அரசு மருத்துவமனையில் காட்டிடுங்க. தகுதியுள்ள குடும்பம்னா முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு பண்ணியிருக்கான்னு வீட்டில் கேளுங்க.

நாலு, உங்க சிக்கனத்துக்கு வேற யாராவது விலை கொடுக்கிறாங்களான்னு பாருங்க. வீட்டில் கடைசியாச் சாப்பிடுறது யாரு, அஞ்சு வருஷமா புதுச் செருப்பு வாங்காதது யாருன்னு ஒரு தடவை கவனிச்சாலே தெரிஞ்சுடும்.

பாப்பாரப்பட்டியில் இன்னிக்கு சுப்பிரமணிய சிவாவுக்கு மணிமண்டபம் இருக்கு. அவர் கட்ட ஆசைப்பட்ட பாரத மாதாவுக்கும் அரசு நினைவாலயம் எழுப்பியிருக்கு, கூடவே நூலகமும். இதே மாவட்டத்தில் கோபாலபுரத்தில் இருக்கிற கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கும் அவர் பேர்தான். அடுத்த தடவை ஒகேனக்கல்லுக்கு பைக்ல கிளம்பும்போது, மீன் வறுவலுக்கும் பரிசல் சவாரிக்கும் ஒதுக்குற நேரத்தில் ஒரு மணி நேரத்தைப் பாப்பாரப்பட்டிக்குக் கொடுங்க. கூட வர்ற ஃப்ரெண்ட்ஸுக்கு சிவா கதையைச் சொல்லுங்க. மீனாட்சி கதையையும் சேர்த்தே சொல்லுங்க.